தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறீர்களா? பூச்சி, எலி, தேள் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

தார்ப்பாய் மழையைத் தடுக்கும், வெயிலைத் தடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. கூடாரத்தில் இருக்கும் ஜிப்பும் அடித்தளமும் இதில் கிடையாது. நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் கூரை அது. காட்டிலோ கரையிலோ இரவு தங்க முதல்முறை போகிறவர்கள் இதை மறந்துவிட்டு, கூரையைச் சுற்றி எதையாவது தூவி, எதையாவது கொளுத்தி, இல்லாத சுவரை எழுப்பப் பார்க்கிறார்கள். பல இரவுகள் இப்படித் தூங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: பலன் தருபவை இரண்டே காரியங்கள். உயிரினங்களை வரவழைக்கும் எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதது ஒன்று. படுத்திருக்கும் உடம்பைச் சுற்றி மட்டும், ஓட்டையில்லாத ஓர் அடைப்பை வைத்துக்கொள்வது இன்னொன்று.

இருட்டிய பிறகு இடம் தேடுவது

இரவு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதை மாலை ஐந்து மணிக்கே இடம் தீர்மானித்துவிடுகிறது. வெளிச்சம் போன பிறகு போய்ச் சேர்ந்தால், எறும்புப் புற்றுக்கு மேலேயே பாயை விரித்துவிடுவீர்கள். கட்டும் முன் ஐந்து நிமிடம் குனிந்து தரையைப் பாருங்கள். எறும்புச் சாரை போகிறதா, சின்ன வளைகள் இருக்கின்றனவா, பட்டுப்போன மரக்கட்டையோ கற்குவியலோ பக்கத்தில் இருக்கிறதா? தேளும் பூரானும் பகலில் அவற்றின் அடியில்தான் பதுங்கியிருக்கும், இரவில்தான் வெளியே வரும். சருகை வெறுங்கையால் அள்ளித் தள்ளாதீர்கள். ஒரு குச்சியாலோ பூட்ஸ் போட்ட காலாலோ ஒதுக்குங்கள்.

நீர்நிலையின் கரை கண்ணுக்கு அழகு. தேங்கிய நீராக இருந்தால் கொசுவுக்கு அது பிறந்த வீடு. கொஞ்சம் மேடான, காற்றோட்டமான இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். கொசு பறக்கும் வேகம் மணிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். சுமாரான காற்றுகூட அதைத் தடுமாற வைக்கும். தார்ப்பாயைத் தரையோடு தரையாக, தாழ்வாகக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். மழையும் புயலும் இல்லாத இரவில் ஒரு பக்கத்தையாவது உயர்த்திக் கட்டினால், காற்று உள்ளே புகுந்து கொசுவின் பெரும்பகுதியை விரட்டிவிடும்.

வலை இருக்கிறது, அடைப்பு இல்லை

கொசுவலை கொண்டுபோகிறவர்கள்கூடக் கடிபட்டு எழுவதற்குக் காரணம், அதைப் போர்வைபோல் மேலே போட்டுக்கொள்வது. வலை தோலைத் தொட்டால் கொசு வலையின் துளை வழியாகவே கடிக்கும். தோளும் முழங்காலும் படாத அளவுக்கு வலைக்குள் இடம் வேண்டும். தார்ப்பாயின் முகட்டுக் கயிற்றிலிருந்து, அதாவது கூரையின் உச்சியைத் தாங்க மரத்தில் கட்டும் கயிற்றிலிருந்து, வலையைத் தொங்கவிட்டால் அந்த இடம் தானாகக் கிடைத்துவிடும்.

அடுத்த கேள்வி, வலையின் அடிப்பகுதி எங்கே முடிகிறது என்பது. தரைவிரிப்போடு சேர்த்துத் தைத்த வலை சிறந்தது. தனி வலை என்றால், அதன் விளிம்பைப் படுக்கைக்கு அடியில் சுற்றிலும் செருகியே ஆகவேண்டும். சும்மா தரையில் தொங்கும் வலை கொசுவை ஓரளவு தடுக்கும். ஊர்ந்து வருவதை அது தடுக்காது. கட்டுவிரியன்போல, தரையில் தூங்குகிறவர்களை இரவில் கடிக்கும் பாம்புகள் உள்ள பகுதியில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். செருகிய வலைக்குள் தூங்குகிறவர்களைப் பாம்பு கடிப்பது குறைகிறது என்று 2007-ல் வெளியான ஒரு நேபாள ஆய்வு காட்டியது. பாம்புக்காக என்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இந்த வலையே போதும், ஒழுங்காகச் செருகியிருந்தால்.

வலையின் கண் அளவையும் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் உள்ள வழக்கமான வலை கொசுவுக்குச் சரி. மணல் ஈயும், அதைவிடச் சிறிய கடிக்கும் ஈக்களும் அந்தக் கண்ணுக்குள் தாராளமாகப் புகுந்துவிடும். கடற்கரையிலோ சதுப்புநிலத்திலோ தங்குவதாக இருந்தால் இன்னும் நெருக்கமான வலை வேண்டும். அதில் காற்று குறைவாக வரும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமாட்டில் சாப்பாடு

நான் படுத்திருக்க, தலைக்குப் பக்கத்தில் இருந்த பையை எலி கடித்துக் கிழித்திருக்கிறது. உள்ளே இருந்தது ஒரு காலி பிஸ்கட் உறை மட்டும். அதற்குப் பிறகு 'உணவு' என்ற சொல்லின் பொருளே எனக்கு மாறிப்போனது. எலிக்கு உணவு என்பது நாம் சாப்பிடுகிற பண்டம் மட்டும் இல்லை. வாசனை வரும் எல்லாமே உணவுதான்: பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் களிம்பு, கழுவாத தட்டு, சாப்பிட்ட கையைத் துடைத்த துணி. வியர்வை ஊறிய பைப் பட்டையையும் செருப்பு வாரையும்கூட உப்புச் சுவைக்காகக் கொறிக்கிற விலங்குகள் உண்டு.

பையின் ஜிப்பை இறுக மூடிவைப்பது பாதுகாப்பு இல்லை. துணியை எலி நிமிடத்தில் கடித்துத் துளை போடும். ஏற்கெனவே திறப்பு இருந்தால், சுமார் ஆறு மில்லிமீட்டர் இடைவெளியே சுண்டெலிக்குப் போதும். இரண்டு வழிகள் சரிப்படும். மூடி இறுகும் கெட்டியான டப்பா ஒன்று. இல்லையென்றால், மரக்கிளையிலிருந்து மெல்லிய கயிற்றில், தண்டிலிருந்தும் தரையிலிருந்தும் தள்ளித் தொங்கவிட்ட பை. கயிற்றின் நடுவே ஒரு தகர மூடியைத் துளையிட்டுக் கோத்துவிட்டால், கயிறு வழியாக இறங்கும் எலிக்கு அந்த மூடி பெரிய தடை. காலியான பைகளின் ஜிப்பைத் திறந்தே வையுங்கள். எலி உள்ளே போய் முகர்ந்துவிட்டு வெளியே வந்துவிடும், பை பிழைக்கும்.

சமைப்பதும் சாப்பிடுவதும் தூங்கும் இடத்திலிருந்து விலகி இருக்கட்டும், காற்று படுக்கையின் பக்கம் வீசாத திசையில். கரடி உள்ள காடுகளில் சமையலையும் உணவையும் சுமார் 60 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்வார்கள். அங்கே அந்தந்தக் காட்டின் விதிகள்தான் முதலில்.

எறும்பு விஷயத்தில் பலரும் தரையை மட்டும் பார்க்கிறார்கள். மரத்தில் கட்டிய முகட்டுக் கயிறு, முளையிலிருந்து வரும் இழுகயிறு எல்லாமே எறும்புக்குப் பாலம். கட்டும் முன் மரத்தண்டில் எறும்புச் சாரை ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாரை ஏறினால் வேறு மரம் பாருங்கள்.

வெள்ளை விளக்கை முகட்டில் தொங்கவிடுவது

பூச்சிகள் விளக்கை நோக்கி ஆசைப்பட்டு வருவதில்லை. 2024-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அதிவேகக் கேமராவால் படம்பிடித்து இதைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரவில் மேலே வானம்தான் வெளிச்சமாக இருக்கும் என்பது அதன் உடம்புக்குள் பதிந்த கணக்கு. நம் விளக்கு அந்தக் கணக்கைக் குலைத்துவிட, அங்கேயே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது. அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் உயிரினங்களும் பின்னாலேயே வரும்.

மங்கலான மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு போதும். பெரிய வெளிச்சம் தேவைப்பட்டால் அதைப் படுக்கையிலிருந்து தள்ளி வேறு மரத்தில் மாட்டுங்கள். கொசு முதலில் நம்மைத் தேடி வருவது விளக்கைப் பார்த்து இல்லை, நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவையும் உடல்சூட்டையும் வாசனையையும் வைத்து. அதனால்தான் மின்சாரத்தில் பூச்சியைச் சுட்டுக் கொல்லும் நீலவிளக்கு ஏமாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த விளக்குகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணினார்கள். கடிக்கும் வகைகள் வெறும் 31. மற்றவை யாரையும் தொந்தரவு செய்யாதவை.

விரட்டியைக் கண்ட இடத்தில் பூசுவது

தோலில் பூசும் பூச்சிவிரட்டிகளில் டீட் (DEET) நல்ல மருந்து. 20 முதல் 30 சதவீதம் உள்ளது பல மணி நேரம் தாங்கும். சுமார் 50 சதவீதத்துக்கு மேல் போவதால் கூடுதல் நேரம் கிடைப்பதில்லை. ஆனால் டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கண்ணாடி பிரேம், கைக்கடிகாரம், சில செயற்கைத் துணிகள் எல்லாம் பாழாகும். பூசிய கையோடு தார்ப்பாயின் பூச்சைத் தொடாதீர்கள். பொருள்கள் கெடக்கூடாது என்றால் பிகாரிடின் என்ற இன்னொரு விரட்டி நல்ல மாற்று.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உடைக்கும் வலைக்கும் உரியது, தோலுக்கு இல்லை. இதை மாற்றிப் பூசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். துணியில் தெளித்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு அணியுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு அது நஞ்சு, மீன்களுக்கும் நஞ்சு. ஓடைக் கரையில் தெளிக்கவே கூடாது. வெயில்காப்புக் களிம்பும் பூசுவதாக இருந்தால் அது முதலில், விரட்டி அதற்கு மேல்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. திறந்த கூரைக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளின் புகை காற்றில் கலைந்துவிடும். அதற்காகத் தார்ப்பாயைத் தாழ்த்தி அடைத்துக்கொண்டால் அந்தப் புகையை நாம் மூச்சிழுப்போம். ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நைலான் தார்ப்பாய்க்குக் கீழே கங்கு வைத்துக்கொண்டு தூங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. மீயொலிக் கருவி கொசுவை விரட்டுவதில்லை. பாம்புக்கென்று சுற்றிலும் உப்பும் பூண்டும் தூவுவதோ கயிறு வளைத்துப் போடுவதோ வேலை செய்யாது. பாம்பு அவற்றைத் தாண்டி வரும். எலியை வரவிடாமல் வைத்திருந்தால் பாம்புக்கு உங்கள் பக்கம் வரும் வேலை குறையும்.

காலையில் அவசரம்

பலருக்குக் கடி விழுவது இரவில் இல்லை, காலையில் பூட்ஸுக்குள் கால் நுழைக்கும் நொடியில். தேளுக்கு அது இருட்டான, கதகதப்பான பொந்து. இரவிலேயே பூட்ஸை வலைக்குள் எடுத்து வையுங்கள், அல்லது வாய்ப்பகுதியில் சாக்ஸைப் போர்த்தி மூடுங்கள். எப்படியிருந்தாலும் காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டே போடுங்கள். சின்ன புறஊதா டார்ச் ஒன்று பையில் இருந்தால் நல்லது. அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக ஒளிரும். படுக்கும் முன் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம்.

உண்ணி பறப்பதும் இல்லை, குதிப்பதும் இல்லை. புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் தொற்றிக்கொள்ளும். எனவே எழுந்ததும் அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், காதின் பின்புறம், முடிக்குள் என்று தேடுங்கள். ஒட்டியிருந்தால் தீயால் சுடுவதோ வாசலின் தடவுவதோ வேண்டாம். கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, நேராக, நிதானமாக இழுத்தெடுங்கள். அட்டை கடித்திருந்தாலும் உப்பு, தீ வேண்டாம். அதன் வாய்ப்பக்கத்துக்கு அடியில் நகத்தைச் செலுத்தி விடுவித்துவிடலாம்.

கடைசியாகத் தார்ப்பாயைச் சுருட்டும்போது இரு பக்கமும் உதறுங்கள். தரைவிரிப்பை ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள், விரல்களை அடியில் விடாமல். இரவெல்லாம் உங்கள் உடல்சூட்டில் அதன் கீழே ஒண்டியிருந்தது எதுவாக இருந்தாலும், அது விலகிப் போக ஒரு நிமிடம் கொடுங்கள்.