இன்டர்ன்ஷிப்பில் சும்மா உட்கார வைத்தால் என்ன செய்வது

மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, அக்னி நட்சத்திர வெயிலில், கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் தொழிற்சாலை ஒன்றுக்கு நான்கு வார இன்டர்ன்ஷிப் செல்லும் மாணவருக்கு, அங்கே தமக்கென்று எந்த வேலையும் எடுத்து வைக்கப்படவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரியவரும். முதல் நாள் கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, ஹெல்மெட், ஷூ என்று ஓடிவிடும். இரண்டாம் நாள் ஒரு பொறியாளர் பிளாண்ட்டைச் சுற்றிக் காட்டுவார். மூன்றாம் நாள் காலை, “உட்காருங்க தம்பி, கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போவார். டீ நேரம் கழியும், சாப்பாட்டு மணியும் அடிக்கும், கூப்பிட மாட்டார்.

இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வாரத்தில் போய்விடும் ஒருவரை நம்பி உற்பத்தி வேலையை ஒப்படைக்க யாருக்கும் துணிவு வராது. ரசாயனத் தொழிற்சாலையில் பயிற்சி இல்லாதவர் வால்வைத் தொடுவதே குற்றம். உங்களைப் பொறுப்பேற்ற பொறியாளருக்கோ அன்றைய உற்பத்திக் கணக்கும், இரவு ஷிப்டில் எரிந்துபோன மோட்டாரும் தலைக்கு மேல் இருக்கும். அவரிடம் போய் “ஏதாவது வேலை கொடுங்க சார்” என்று கேட்டால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய சுமை அவருடையதாகிறது. நேரமில்லாதவர் ஒரு பழைய மேனுவலை எடுத்து நீட்டிவிடுவார். மாறாக, “கூலிங் டவர் பம்ப்பை மட்டும் ஒரு வாரம் பார்க்கட்டுமா சார், ஷிப்ட் இன்சார்ஜ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று கேட்டால் அவர் தலையாட்டினால் போதும். (ஆலையில் சூடான நீரைக் காற்றால் குளிர்விக்கும் கோபுரம்தான் கூலிங் டவர்.)

முழு ஆலையையும் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு நான்கு வாரம் போதாது என்பதால், ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. ஒரு பம்ப்பில் ஒரு வாரம் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முதலில் மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது, பிளேட்டைத் துடைத்துத் தரும்படி ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். அதில் 7.5 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம். என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ (pole) மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. மோட்டார் 1440 தான் சுற்றுகிறது. இந்த 60 சுற்று வித்தியாசம், அதாவது 4 சதவீதம், வகுப்பில் சூத்திரமாகப் படித்த அதே ‘ஸ்லிப்’. அடுத்து பம்ப்பின் பிளேட். மணிக்கு 30 கன மீட்டர், 40 மீட்டர் ஹெட் என்று இருந்தால், நீரை அந்த உயரத்துக்குத் தள்ள உண்மையில் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 3.3 கிலோவாட். பம்ப்பின் செயல்திறன் (எஃபிஷியன்சி) 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டாலும் தண்டில் 5.5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். சந்தையில் 5.5 கிலோவாட் மோட்டாரும் கிடைக்கிறது. பிறகு ஏன் 7.5 போட்டிருக்கிறார்கள்? நீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வை முழுதாகத் திறந்தால் நீரோட்டம் கூடும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் என்னவாகும் என்று யோசித்துக்கொண்டே அந்தக் கேள்வியைப் பொறியாளரிடம் கொண்டு போங்கள். இத்தகைய கேள்வியுடன் வரும் மாணவரை யாரும் மறுபடி அந்த நாற்காலிக்கு அனுப்புவதில்லை.

பம்ப்பின் கிளாண்டிலிருந்து, அதாவது தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் அடைப்பிலிருந்து, சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைப் பார்த்துப் பழுது என்று குறித்துவிடவும் வேண்டாம். கயிறு சுற்றிய கிளாண்டில் அந்தச் சில சொட்டுகள் விழத்தான் வேண்டும். அவை நின்றுவிட்டால் கயிறு காய்ந்து, தண்டின் மேலுள்ள ஸ்லீவைத் தேய்த்துவிடும்.

அடுத்து லாக் புக். மூன்று ஷிப்டிலும் மணிக்கொரு முறை எழுதும் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி, பத்து நாள் கணக்கை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு தொழிற்சாலையில் இப்படிப் போட்டுப் பார்த்ததில், ஒரு பம்ப்பின் அழுத்தம் இரவும் பகலும் 4.2 கேஜி (சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோ) என்றே நேர்கோடாகப் போயிற்று. அழுத்தம் காட்டும் கேஜின் முள் சிக்கிக்கொண்டு நின்றிருந்தது. எவரும் நிமிர்ந்து பார்க்காமல் முந்தைய வரியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் நேராகப் பொறியாளரிடம் ஓடினேன். கேஜ் மாற்றப்பட்டது, ஆபரேட்டர் அண்ணன் திட்டு வாங்கினார், மீதி இரண்டு வாரமும் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அண்ணா, இந்த முள்ளு ஆடவே மாட்டேங்குதே, பார்க்கலாமா?” என்று முதலில் அவரிடம் கேட்டிருந்தால், அவரே கேஜை மாற்றச் சொல்லியிருப்பார், எனக்கும் இரண்டு வாரப் பாடம் கிடைத்திருக்கும்.

கடற்கரையோரத் தொழிற்சாலை என்பதால் கூலிங் டவரைக் கவனிப்பது இங்கே தனிச் சுவை. உள்ளே வரும் நீர் 38 டிகிரி, வெளியேறும் நீர் 32 டிகிரி, காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 28 டிகிரி என்றால், வரும் நீருக்கும் போகும் நீருக்கும் உள்ள வித்தியாசமான ரேஞ்ச் 6, போகும் நீருக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள வித்தியாசமான அப்ரோச் 4. டவர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் குளிர்விக்க அதனால் முடியாது. பிற்பகலில் கடற்காற்று புகுந்ததும் நமக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று ஈரத்தைச் சுமந்து வருவதால், வெயில் தணிந்தும் டவர் நீர் அதற்கேற்பக் குளிராமல் போகலாம். காலை பத்து முதல் மாலை நான்கு வரை மணிக்கொரு முறை குறித்து வந்தால், இரண்டே நாளில் உங்கள் அறிக்கைக்கு யாரிடமும் இரவல் வாங்காத ஒரு பக்கம் தயார்.

எந்தப் பம்ப்பும் ஓடாத நாளும் வரும். மூலப்பொருள் வராமலோ, ஷட்டவுன் என்றோ ஆலை நின்றால் பல மாணவர்கள் விடுப்பு எடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் தவறவே விடக் கூடாத நாள் அதுதான். மெயின்டனன்ஸ் வொர்க்‌ஷாப்பில் பம்ப்பைப் பிரித்து மேசைமேல் வைத்திருப்பார்கள். நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரில் கரையான் அரித்த பலகை போலக் குழிகள் இருந்தால், பம்ப்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் குறைந்து நீர் ஆவிக்குமிழிகளாகி, அவை மீண்டும் உடைந்து உலோகத்தை அரித்திருக்கக்கூடும். ‘கேவிட்டேஷன்’ என்று புத்தகத்தில் படித்த சொல்லை அங்கே கண்ணால் காணலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டி ஃபிட்டர் ஒலி கேட்பதைப் பார்த்தால், என்ன கேட்கிறது என்று கேளுங்கள். டீ நேரத்தில் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

புதுச்சேரிப் பக்கம் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் சிறிய ஆலைகளுக்குச் செல்பவர்களுக்கு இப்படிப் பெரிய பம்ப் வாய்க்காமல் போகலாம். அங்கே ஒரு இயந்திரத்தில் ஒரு பொருள் முடிய எத்தனை வினாடி, அதில் எத்தனை வினாடி வெறும் காத்திருப்பு என்று அளப்பது நல்ல வேலை. ஆனால் ஸ்டாப் வாட்சுடன் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாலே தொழிலாளிக்கு வயிற்றில் புளி கரைக்கும். நிர்வாகம் வேலையைக் கூட்ட ஆள் அனுப்பியிருக்கிறது என்றுதான் நினைப்பார். கல்லூரிப் பாடத்துக்கு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லி, எழுதியதை அவரிடமே காட்டுங்கள்; தாளில் அவர் பெயரைக் குறிக்காதீர்கள்.

எங்கே போனாலும் ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்; தனியாகத் திரியக் கூடாது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட் சாக் எங்கே பறக்கிறது, ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூட வேண்டிய அசெம்பிளி பாயின்ட் எது என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள். வாயுக் கசிவுச் சங்கு ஒலித்தால், கசிவிடத்துக்கு எதிர்ப்பக்கமாக, காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கத்துக்குப் போக வேண்டும். கடலோரத்தில் காலைக் காற்றும் பிற்பகல் காற்றும் வேறு வேறு திசையிலிருந்து வருவதால், காலையில் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. கைபேசியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் பையில் ஒரு சிறு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுங்கள். தயாரிப்பு முறை, ரசாயன அளவுகள், வரைபட நகல்கள் ஆகியவற்றை அனுமதியின்றி அறிக்கையில் சேர்க்கக் கூடாது. நான்காம் வாரம் பொறியாளர் விடுப்பில் போய்விடுவதும், சான்றிதழ் ஹெச்.ஆர். மேசையில் கிடப்பதும் வாடிக்கை என்பதால், அறிக்கையின் வரைவையும் கையெழுத்து வேண்டிய படிவங்களையும் மூன்றாம் வாரத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.