டர்னர் போல வெளிச்சத்தைச் சுரண்டி எடுக்க

நீர்வண்ணத்தில் ஆங்கில ஓவியர் டர்னர் (1775–1851) வெளிச்சத்தைப் பெரும்பாலும் பூசவில்லை. பூசிய நிறத்தை எடுத்தே வரவழைத்தார்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டுங்கள். தாளின் ஈர மினுமினுப்பு அடங்கும் முன் அடிவானத்தில் மஞ்சள், மேலே அல்ட்ராமரைன் நீலம். நடுவில் இடைவெளி வேண்டும், இல்லையேல் வானம் பச்சையாகிவிடும்.

காய்ந்ததும் மேக விளிம்பை மட்டும் நனைத்து, அரை நிமிடம் பொறுத்து, துணியால் ஒற்றுங்கள். தேய்த்தால் தாள் பஞ்சாகும். தாலோ நீலம் (phthalo blue) என்ற நிறம் கறையாகத் தங்கிவிடும், இதற்கு ஆகாது.

நீர்மேல் தெறிக்கும் ஒளிக்குத்தான் சுரண்டல். டர்னர் அதற்காகக் கட்டைவிரல் நகத்தையே வளர்த்திருந்தார்; நமக்கு பிளேடு முனை போதும். தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் கீறினால் நிறம் பள்ளத்தில் இறங்கி, வெள்ளைக்குப் பதில் கருங்கோடு விழும். சுரண்டிய இடத்தில் மறுபடி பூசாதீர்கள்: மேல்பசை போன தாள் நிறத்தைத் திட்டாக உறிஞ்சும்.