சென்ட்ரல் லாக் மோட்டாரை மாற்றுவதற்கு முன்

"அண்ணே, பின் கதவு லாக் விழல, மோட்டார் மாத்திக் குடுங்க." கோலாலம்பூரின் செந்தூல், கெப்போங் பக்கத்து வொர்க்ஷாப்களுக்குப் பல கார்கள் இப்படி முடிவோடுதான் வந்து நிற்கின்றன. எல்லாக் கதவுகளையும் ஒரே சுவிட்சில் பூட்டித் திறக்கும் சென்ட்ரல் லாக்கில், கதவுக்குள் இருக்கும் மோட்டார் பழுதாவது உண்டு. ஆனால் சோதிக்காமலே அதை மாற்றி, புதியதும் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் காசை இழப்பவர்கள் அதிகம்.

எந்தக் கதவு, எப்போது, எதை அழுத்தினால் கேட்கவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். ஒரு கதவு மட்டும் என்றால் கோளாறு அந்தக் கதவுக்குள்ளோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கும். நான்கும் சேர்ந்து நின்றால் பியூஸ், கன்ட்ரோல் பாக்ஸ், டிரைவர் கதவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். வெளியே வாங்கிப் பொருத்தும் செட்களில் பெரும்பாலும் டிரைவர் கதவுக்கு ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டு. கட்டளை பிறப்பதே டிரைவர் கதவில்தான். கதவிலுள்ள சுவிட்ச் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யவில்லையா? ரிமோட்டைத் திறந்து, பழைய பேட்டரியில் உள்ள அதே எண்ணில் புதியது போடுங்கள். பின் கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால், கதவின் ஓரத்தில் உள்ள சைல்ட் லாக் நெம்புகோலைப் பாருங்கள். கார் கழுவும்போது கை பட்டு அது நகர்ந்திருக்கலாம்.

கதவுக்கும் தூணுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாயைப் பலர் தொடுவதே இல்லை. டிரைவர் கதவு தினமும் திறந்து மூடப்படுவதால் அதற்குள் உள்ள செம்பு இழைகள் முறிகின்றன. மேலுறை முழுசாகத் தெரிவதால் கண்ணுக்குப் பிடிபடாது. கதவு பாதி திறந்திருக்கும்போது வேலை செய்து, மூடினால் நின்றுவிடுகிறது என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். இன்னொருவரை சுவிட்சை அழுத்தச் சொல்லி, ரப்பரை அசைத்துப் பாருங்கள். முறிந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊர் ஈரத்தில் நிலைக்காது. மடியும் இடத்துக்கு இரு பக்கமும் தள்ளி, புதிய துண்டு வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட வேண்டும். ஒட்டு மடிப்பிலேயே விழுந்தால் அங்கேயே மறுபடி முறியும்.

மல்டிமீட்டர் காட்டும் 12 வோல்ட்டை அப்படியே நம்புவது அடுத்த தவறு. பச்சை பூத்த கனெக்டரோ, ஒன்றிரண்டு இழை மட்டும் ஒட்டிய வயரோ மீட்டருக்கு முழு வோல்ட்டையும் காட்டும். மோட்டார் கரண்ட் இழுக்கும்போது அந்த வோல்ட் விழுந்துவிடும். மேலும், லாக் கட்டளை ஒரு நொடிக்கும் குறைவாகவே வருவதால் மீட்டர் அதைத் தவறவிடலாம். 12 வோல்ட், 10 வாட் பல்ப் ஒன்றை மோட்டாரின் இரண்டு வயருக்கும் குறுக்கே பிடித்து, சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் பளிச்சென மின்னினால் வயரில் குறை இல்லை, பழுது மோட்டாரிலோ லாக்கின் இரும்புப் பகுதியிலோதான். மங்கினால் வழியில் தடை. எரியவே இல்லையென்றால் வயர் வந்த வழியே பின்னோக்கித் தேடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மோட்டார் விற்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

லாக்கின் இரும்புப் பகுதி இறுகியிருந்தாலும் பழி மோட்டார் மேல்தான் விழும். உள் குமிழைக் கையால் இழுத்துப் பாருங்கள். கனமாக வந்தால் அந்தப் பகுதியைச் சுத்தம் செய்து வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள். டபிள்யூடி-40ஐ மோட்டாருக்குள் பீய்ச்சுவது வேண்டாம். பிளாஸ்டிக் பற்சக்கரங்களில் உள்ள கிரீஸைக் கழுவிவிடும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று 15 ஆம்பியர் இடத்தில் 30 போடாதீர்கள். வயர் எரியும்.

பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் ஆஃப்-கட் கடையில் பழைய மோட்டார் வாங்குவதில் தப்பில்லை. இடமா வலமா, வயர் எத்தனை என்று ஒத்துப் பார்த்து, கடையிலேயே 12 வோல்ட்டைக் கண நேரம் தொட்டு, பிறகு பிளஸ், மைனஸை மாற்றித் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுறுசுறுப்பாக நகர வேண்டும். தொடர்ந்து பிடித்தால் மோட்டார் சுட்டுப்போகும்.

கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினால் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிபவர்களும் உண்டு. கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் கதவின் அடித்துளையில் வெளியேறுவது அந்தத் தாளால்தான். அது இல்லையென்றால், கோலாலம்பூரில் மாலை மழை கொட்டும் மாதங்களில் தரை விரிப்பு ஊறிப்போகும். சில கார்களில் ஏர்பேக் சென்சாரும் கதவுக்குள் இருப்பதால், மஞ்சள் கனெக்டரைக் கண்டால் அனுபவமுள்ள வயர்மேனிடம் விடுங்கள். அடித்துளைகளில் மண் அடைத்திருந்தால் கையோடு குத்தி எடுங்கள். புது மோட்டாரும் தண்ணீரில் ஊறினால் தாங்காது.

சோதிக்கும் நேரமெல்லாம் ஒரு கண்ணாடி இறங்கியிருக்கட்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் கார் என்றால், பழுது தீரும்வரை குழந்தையை உள்ளே விட்டுப் பெட்ரோல் காசு கட்டக்கூட இறங்காதீர்கள். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் வேறு சாவி வரட்டும் என்று வெயிலில் காத்திருக்க வேண்டாம். 999க்கு அழையுங்கள். குழந்தை சோர்வதாகத் தெரிந்தால், அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை உடனே உடையுங்கள்.