சீமைக் கருவேலம் எவ்வளவு ஆக்கிரமித்திருக்கிறது? கண்மாய்க்குள் இறங்கி அளக்கும் முறை

புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து நமக்கு வந்தது. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. புளி சாலையோரம் நிழல் தந்துகொண்டு நிற்கிறது. சீமைக் கருவேலம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துவிட்டது. ஆகவே வெளியிலிருந்து வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்தச் செடியையும் குற்றம் சொல்லாதீர்கள். அளந்து சொல்லுங்கள். தாவரவியல் கற்பிக்கும் நான், மாணவர்களோடு கண்மாய்க்குள் இறங்கும்போது கடைப்பிடிக்கும் முறை இது.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. நெற்று பாசி கோத்த மாலை போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். நெற்று இளமஞ்சளாகச் சற்றே வளைந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணக்கே வீண்.

அடுத்து தூரம். 2000-ஆம் ஆண்டில் டேவிட் ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். விதையால் பரவும் செடி, 50 ஆண்டுக்குள் தாய்மரத்திலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் சந்ததியைப் பரப்பினால் அது ஆக்கிரமிப்புச் செடி. வேராலும் தண்டாலும் பரவுவதற்கு 3 ஆண்டில் 6 மீட்டர். அந்தச் சந்ததி பூத்துக் காய்க்க வேண்டும் என்பது முக்கியம். முளைத்தது மட்டும் போதாது. எனவே ஊரில் முதலில் எங்கே நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து நாடாவைப் பிடியுங்கள். வழியில் கிடக்கும் காய்ந்த சாணத்தை உடைத்துப் பாருங்கள். நெற்றின் இனிப்புக்காகத் தின்ற மாடு விதையைச் செரிக்காமல் போட்டிருக்கும். ஒரே சாணத்திலிருந்து நாற்றுகள் கொத்தாகக் கிளம்பியிருப்பதும் உண்டு. மேய்ச்சல் தடம் எப்படிப் போகிறதோ, பரவலும் அப்படியே போகும்.

மூன்றாவது அடர்த்தி. கரை, உள்வாய், தரிசு என்று இடத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிகிற இடத்தைத் தேடிப்போய்க் கயிறு கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கட்டத்துக்குள் நாற்று, இளமரம், காய்க்கும் மரம், வெட்டித் துளிர்த்த கட்டை என நான்கையும் தனித்தனியே எண்ணுங்கள். கரிமூட்டத்துக்காக வெட்டிய இடம் அந்த ஆண்டு வெறிச்சென்று தெரியும். துளிர்த்த கட்டைகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மரம் ஒழிந்துவிட்டது என்று எழுதிவிடுவோம். அடியிலேயே பல கிளைகளாகப் பிரியும் மரம் என்பதால் சுற்றளவைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் எடுப்பது நல்லது. நிழல் பரப்புக்கு 20 மீட்டர் நாடாவை நேராக இழுத்து, கிளைக்குக் கீழே வரும் நீளத்தைக் கூட்டுங்கள்: 13 மீட்டர் வந்தால் 65 சதவீதம்.

பாதிப்பை அளப்பதுதான் கடினம். பரப்பு, அடர்த்தி, ஒவ்வொரு செடியும் செய்யும் கெடுதல் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதே மொத்தப் பாதிப்பு என்று 1999-இல் இங்க்ரிட் பார்க்கரும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். மூன்றாவதை அறிய, அதே மண்ணில், அதே மட்டத்தில், மரத்தடியில் ஒன்றும் வெட்டவெளியில் ஒன்றுமாக 1 மீட்டர் சதுரங்கள் போட்டு, அவற்றில் உள்ள புல் பூண்டு வகைகளை எண்ணுங்கள். ஆனால் அந்த வேறுபாடு மரம் வருவதற்கு முன்பே அங்கு இருந்திருக்கலாம். ஆகவே ஒரு பகுதியை வேரோடு அகற்றி, பக்கத்துப் பகுதியை அப்படியே விட்டு, இரண்டையும் ஆண்டுதோறும் ஒப்பிடுவதைத்தான் நான் நம்புவேன்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நாற்றுகளை எண்ணுங்கள். அடுத்த மழைக்கு முன் மறுபடி போய், கோடையைத் தாண்டியவை எத்தனை என்று பாருங்கள். கட்டத்தின் மூலைகளில் கல் நட்டு, ஜி.பி.எஸ். அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செடிகூட இல்லாத கட்டத்துக்கும் 0 என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே கட்டத்தில் நாற்று நின்றால், அது புதிதாக வந்தது என்று காட்ட அந்த 0-தான் சான்று.