மழை வந்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறதா?

தூறல் விழுந்தாலே எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) படக்கென்று விழுந்துவிடும். அதைத் திட்டிப் பயனில்லை. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிப்பதுதான் அதன் வேலை. முதலில் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) பக்கக் கசிவு அப்படியே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் கீசரோ கிரைண்டரோ மாட்டும். ஒன்றும் செருகாமலேயே விழுந்தால், எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு மின்சுற்றுக்கும் தனியாக உள்ள சுவிட்சுகளை) எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எங்களுக்கு அப்படித்தான் மொட்டைமாடி விளக்கு சிக்கியது. கண்ணாடி மூடிக்குள் கால் டம்ளர் மழைத்தண்ணீர், அதில் இரண்டு செத்த ஈசல்! எந்தச் சுற்று என்று தெரிந்ததும் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.