விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று அலுத்துக்கொண்டு வருபவர்களிடம், புதுசு வாங்க வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முள் நகர்ந்து, ஒரு கோப்பைத் தொடவே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் அசைகிற பாகமே கிடையாது. வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

கடலூரில் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறேன். குளோன் செய்வது, அதாவது பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதில் பிரதி எடுப்பது, ஒரு மணி, இரண்டு மணி நேர வேலை. ஆனால் கெட்டுப்போன வேலைகளில் பெரும்பாலானவை குளோன் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

முதலாவது, குளோனையே பேக்கப் என்று நினைப்பது. வேகம் குறைந்த டிஸ்க் பல நேரம் சாகக் கிடக்கிற டிஸ்க். குளோன் செய்யும்போது அதை மணிக்கணக்கில் இடைவிடாமல் படிக்க வைக்கிறோம். பாதியில் நின்றுபோனால் புதியதிலும் ஒன்றும் இருக்காது, பழையதும் திறக்காது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். அது மஞ்சளோ சிவப்போ காட்டினால் குளோனை மறந்துவிட்டு, முதலில் புகைப்படம், கணக்கு, பத்திரம் என்று திரும்பக் கிடைக்காதவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். நீலம் காட்டினாலும் பிரதி எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்தப் பிரதி வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த ஊர் இது. கணினியும் பிரதியும் ஒரே அலமாரியில் இருந்தால் புயலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எஸ்எஸ்டி வாங்கும்போதே ஒரு சறுக்கல் உண்டு. லேப்டாப்பில் எஸ்எஸ்டி கார்டு செருகும் எம்.2 இடம் இருக்கிறது என்றதும் வேகமான என்விஎம்இ வகைக் கார்டை வாங்கிவிடுவார்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்ற அதே அளவில் பழைய சாட்டா வகைக் கார்டும் வருகிறது. சில பழைய லேப்டாப்களின் எம்.2 இடம் சாட்டாவை மட்டுமே ஏற்கும். வேறு சில என்விஎம்இ மட்டும். கார்டு கச்சிதமாக உட்காரும், கணினி திறந்ததும் முதலில் இயங்கும் பயாஸில் பெயரே வராது. மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது திசை மாறிப்போவது. எதிலிருந்து எதற்கு என்பதைத் தலைகீழாகத் தேர்ந்தெடுத்தால், காலி எஸ்எஸ்டியின் வெறுமை அப்படியே பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். இதைவிடக் கொடிய தவறு இந்த வேலையில் இல்லை. அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 500 ஜிபி என்று அட்டையில் போட்டது விண்டோஸில் 465 என்று தெரியும், 1 டிபி 931 என்று தெரியும். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எஸ்எஸ்டியின் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் தாளில் எழுதி வைத்து, திரையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ‘இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்’ என்ற எச்சரிக்கை வரும்போது எந்த டிஸ்க்கைச் சொல்கிறது என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

சி டிரைவில் உள்ளதையெல்லாம் இழுத்துப் போட்டால் விண்டோஸ் வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு, வராது. கணினி முதலில் தேடுவது சி டிரைவை அல்ல. சாதாரணமாகக் கண்ணில் படாத, பெரும்பாலும் 100 எம்பி அளவே உள்ள பூட் பகுதியைத்தான். குளோன் மென்பொருளில் தனி டிரைவை அல்லாமல் முழு டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். பழைய விண்டோஸ், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் இருந்து, புது எஸ்எஸ்டியில் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) வழியாகத் திறக்க வேண்டுமென்றால் அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 10-இல் அதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது.

அதிகம் மனவருத்தம் தருவது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் அமைப்பை மாற்றி மறுபடி திறந்தால் நீலத் திரை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி எந்தக் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் இருக்கும். ‘கடையில போட்டுக் குடுத்தாங்க சார், மெயில் ஐடி எதுன்னு தெரியல’ என்று ஒரு அம்மா என் முன்னால் நின்றதை மறக்க முடியவில்லை. சாவி கடைசி வரை கிடைக்கவில்லை, மகளின் கல்லூரிக் கோப்புகளும் கிடைக்கவில்லை. ஆகவே எதையும் கழற்றும் முன் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, பூட்டை நீக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் முழுதும் திறந்து முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும்; முடியும் வரை காத்திருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

மின்வெட்டைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். குளோன் நடக்கும்போது பழைய டிஸ்க் படிக்கப்படுவதோடு சரி. கரண்ட் போனால் திரும்பத் தொடங்கினால் போதும். ஆனால் எஸ்எஸ்டி சிறியது என்பதற்காகப் பழைய டிஸ்க்கின் பகுதிகளைச் சுருக்கும்போதோ ஜிபிடிக்கு மாற்றும்போதோ கரண்ட் போனால் தரவே போய்விடலாம். அந்த வேலைகளை யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள்.

குளோன் முடிந்து முதல் முறை திறக்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால், இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளி, பயன்படாமல் வைத்துவிடும். சில நேரம் பழைய டிஸ்க்கிலிருந்தே திறந்துகொள்ளும். எஸ்எஸ்டி போட்டும் வேகம் கூடவில்லை என்ற புகார்களில் சில இப்படி வந்தவைதான்.

குளோன் வேண்டாம், புதிதாகவே விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம் என்பதும் நல்ல முடிவுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் கணினி தாங்கினால் 11-க்குப் போக இதுவே நேரம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க் மாற்றினால் போகாது. ஆனால் புதிதாகப் போடும்போது எதை விட்டுவிட்டோம் என்பது மறுநாள்தான் தெரியும். மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவருக்கு அப்படிப் போட்டுக்கொடுத்தேன். கோப்புகளெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது. ‘தம்பி, கம்ப்யூட்டர் பறக்குது. ஆனா என் பத்திரம் ஒண்ணையும் படிக்க முடியலையே.’

அவர் அடித்ததெல்லாம் பாமினி எழுத்துருவில். யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்களில் தமிழ் என்பது வெறும் தோற்றம்தான்; கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எழுத்துரு இல்லாத கணினியில் அதுதான் தெரியும். எழுத்துருக்கள் இருந்தது பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில். அதை நான் எடுக்கவில்லை. என் தவறுதான். பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடிந்தது. அன்றிலிருந்து ஃபான்ட்ஸ் கோப்புறை, பிரவுசர் பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் கோப்பு, டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஆகியவற்றைப் பட்டியல் போட்டு வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். டேலி லைசென்ஸைப் பழைய விண்டோஸிலேயே சரண்டர் செய்து, அதாவது திரும்ப ஒப்படைத்துவிட்டு வந்தால் புதியதில் சிக்கல் இருக்காது.

பழைய டிஸ்க்கில் தேதி எழுதி ஒட்டி, குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். கடை வைத்திருப்பவர்கள் அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலாகும் வரையாவது வையுங்கள். அதன்பின் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது. ஆதார் நகலையும் கிரயப் பத்திரத்தையும் மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். முழு டிஸ்க்கிலும் பூஜ்ஜியம் எழுதி அழிக்க வேண்டும். 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதை வேறொரு கணினியில், டிஸ்க் எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.