ஆச்சிக்குக் கிறுகிறுப்பு, நாடி 46: காரணத்தைக் கண்டுபிடித்த வழி

மூன்று வாரமாக ஆச்சிக்குக் கிறுகிறுப்பு. பித்தம் என்று முடிவுகட்டிச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கல்லிடைக்குறிச்சி ஆற்றுப் படித்துறையில் துவைத்துவிட்டு எழுந்தவர் மறுபடியும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் நாடி பார்த்தேன். 46. ஓய்வில் இருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பதே வழக்கம்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மேலே படிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

1. நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பைத் தவறவிட்டாலும் கணக்கு நான்கு குறையும். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும். கைக்கடிகாரக் கருவிகளை நான் நம்புவதில்லை. நொடிமுள் உள்ள சுவர்க் கடிகாரம் போதும்.

2. படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழும்போது அழுத்தம் விழுவதும் கிறுகிறுப்புக்குக் காரணமாக இருக்கலாம். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நல்லது.

3. தலைசுற்றும் அந்த நேரத்திலேயே நாடி எவ்வளவு என்று தேதி, மணியோடு எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்டது இந்தத் தாளைத்தான். கிறுகிறுப்பும் நாடிக் குறைவும் சேர்ந்து வருகின்றனவா என்பதே கேள்வி. நன்றாக ஓடியாடும் இளைஞருக்கு 50 இருந்தாலும் ஒன்றுமில்லை.

4. மருந்துகள். நான் சறுக்கியது இங்கேதான். ஆச்சியின் மாத்திரைகளை மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போனேன். அதில் ரத்த அழுத்தத்திற்கான அட்டெனலால் இருந்தது. அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துதான். ஆனால் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் பையைப் பார்த்ததோடு சரி. இரண்டாமவர்தான் கேட்டார்: "கண்ணுக்கு ஏதாவது விடுகிறீர்களா?" ஆச்சி சிரித்தார்: "சொட்டு மருந்தெல்லாம் ஒரு மருந்தா, ஐயா?"

கண் நீரழுத்தத்திற்காக ஒரு மாதத்திற்கு முன் கொடுத்த சொட்டு மருந்து, வீட்டில் திருநீற்று மரவைக்கு அருகில் இருந்தது. விளக்கேற்றியதும் விட்டுக்கொள்வாராம். குப்பியில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் மட்டும். உள்ளே இருப்பதைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன்: டிமலால். கண்ணிலிருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து, இதயத்தையும் மெதுவாக்கும். அட்டெனலாலும் இதே குடும்பம். இரண்டும் சேர்ந்துவிட்டன.

ஆகவே எண்ணெய், லேகியம், சொட்டு மருந்து, பக்கத்து வீட்டில் வாங்கிய மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மருந்தின் ஆங்கிலப் பெயர் எல், ஓ, எல் என்று முடிந்தால் கோடிட்டு வையுங்கள். டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் ஆகியவையும் துடிப்பைக் குறைக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலாலைத் திடீரென விட்டால் இதயத்திற்கு ஆபத்து. கண் அழுத்தம் ஏறிப் போன பார்வை திரும்பாது. ஆச்சிக்குக் கண் மருத்துவரே வேறு சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் நாடி 64.

5. மற்றதெல்லாம் மருத்துவர் வேலை: ஈசிஜி, தைராய்டு, ரத்தத்தில் பொட்டாசியம். ஈசிஜி எடுக்கும் சில நொடிகளில் கோளாறு ஒளிந்துகொண்டால், 24 மணிநேரம் உடம்பில் மாட்டிப் பதிவுசெய்யும் ஹோல்டர். வயதானவர்களுக்கு இதயத்தின் மின்னோட்டப் பாதையே தேய்ந்திருக்கலாம்; அதற்குத் துடிப்பைத் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம்.

பிற்சேர்க்கை: பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் அப்பாவுக்கு விரல் கருவி 38 காட்டியதாம், ஈசிஜியில் 76. முந்திக்கொண்டு வரும் துடிப்பு பலவீனமானது; மணிக்கட்டுவரை எட்டாது. ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால் எண்ணிக்கை பாதியாகிவிடும். கருவி மட்டுமல்ல, முதல் படியில் நான் சொன்ன விரலும் இங்கே ஏமாறும். நாடி ஒழுங்கில்லாமல் தட்டினால் எண்ணிக்கொண்டிருக்காமல் நேரே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.